ஒத்தை இழையில நாலு வெளிச்சம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

உச்சிப்புளி, வேதாளை, மண்டபம் பக்கத்து நம்ம டிவி, நெட்டு கனெக்‌ஷன்காரங்க எல்லாருக்கும் வணக்கம், சலாம்.

ரெண்டு வாரமா வாட்ஸப் குரூப்புல ஒரு போட்டோ சுத்துறது உங்களுக்கே தெரியும். போஸ்ட்டு கம்பத்துல நம்ம ஒயர் சிவப்பா எரியுது, கீழ "ஒரே ஒயர்ல நாலு லைனைக் கலந்து விடுறான், அதான் டிவி புள்ளி புள்ளியா வருது, பால்ல தண்ணி ஊத்துற கணக்கு"ன்னு எழுதியிருக்கு. ஸ்லோன்னு திட்டுங்க, போன் எடுக்கலன்னு திட்டுங்க, வாங்கிக்கிறேன். தண்ணி ஊத்துறான்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் தூங்க விடல.

முதல்ல அந்த சிவப்பு. அது எங்க பையன் சட்டைப் பையில வச்சிருக்க டெஸ்ட் பேனா, ஒயர் எங்க ஒடிஞ்சிருக்குன்னு பாக்க அடிக்கிறது, வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற அலைநீளம் அதுக்கு 650 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியும். நெட்டும் ஒயருக்குள்ள இருக்க கண்ணாடி இழையில வெளிச்சமாத்தான் ஓடுது, ஆனா அந்த வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. அதுக்காக யாரும் கழட்டி உள்ள எட்டிப் பாத்துடாதீங்க, கண்ணுக்கு ஆகாது.

நாலு லைன் விட்டது நெசம்தான். ராம்நாட்டுல இருந்து நமக்கு வர்ற வாடகை ஃபைபர் ஒரு ஜோடிதான், போக ஒண்ணு, வர ஒண்ணு. முன்னாடி அதுல ஒரே ஒரு அலைநீளம், மொத்த ஊருக்கும் சேத்து 1 ஜிபிபிஎஸ் வேகம், அதான் சாயங்காலமானா எல்லா வீட்லயும் வட்டம் சுத்துச்சு. இப்ப அதே இழையில 1510, 1530, 1550, 1570னு நாலு அலைநீளம், ஒவ்வொண்ணுலயும் முழு 1 ஜிபிபிஎஸ். ரோட்டைத் தோண்டல, புது ஒயர் இழுக்கல. ரெண்டு முனையிலயும் டிபன் பாக்ஸ் அளவு ஒரு பெட்டி, கரண்டே வேணாம், உள்ள இருக்க சின்னக் கண்ணாடி ஃபில்டர் தன்னோட அலைநீளத்தை மட்டும் விட்டுட்டு மத்ததைத் திருப்பி விட்டுடும்.

நம்ம கரையில ரேடியோ கேட்டு வளந்தவங்களுக்கு இதை நான் சொல்லணுமா? ஒரே காத்துலதான் கொழும்பும் வந்துச்சு, திருச்சியும் வந்துச்சு, முள்ளைத் திருப்புனா ஒண்ணுதானே கேட்டுச்சு. கொழும்புல பாட்டு ஓடுறதால திருச்சி செய்தி தண்ணியாப் போச்சுன்னு யாராவது சொன்னாங்களா?

இன்னொண்ணும் சொல்லிடுறேன். உங்க வீட்டு மோடத்துல குத்தியிருக்க பச்சைத் தலை ஒயர் இருக்குல்ல, உள்ள ஓடுற கண்ணாடி இழை தலைமுடி கனம்தான், அதுலயே முதல் நாள்ல இருந்து மூணு ஓடுது. நெட்டு வர்றது 1490, உங்க வீட்ல இருந்து போறது 1310, டிவி 1550. இத்தனை வருஷமா ஒத்தை ஒயர்ல மூணையும் வச்சுத்தான் சீரியலும் பாத்தீங்க, சவுதியில இருக்க மாப்பிள்ளையோட வீடியோ காலும் பேசுனீங்க, அப்ப யாரும் கலப்படம்னு சொல்லல.

அப்ப டிவி ஏன் புள்ளி புள்ளியா வந்துச்சு? அந்த நாலுக்கும் டிவிக்கும் சம்பந்தமே இல்ல, டிவி நம்ம கடையிலதான் ஏத்துறோம். வேதாளைப் பக்கம் ஒரு போஸ்ட்டுல ஒயரைக் கட்டுற டேக்கை இறுக்கிக் கட்டி ஒயர் மடங்கிப் போச்சு. மடங்குனா நீள அலைநீளம்தான் முதல்ல வெளிய கசியும், அதனால 1550 அடிவாங்கி டிவி போச்சு, 1490 தாக்குப் பிடிச்சு நெட்டு நின்னுச்சு. கட்டுனது புதுப் பையன். ஆறு வருஷமா நம்மகிட்ட ஜாயின்ட் போட்ட தம்பி கத்தார் போயிட்டான், நல்லா இருக்கட்டும், ஆனா அவன் கை இன்னொருத்தனுக்கு வர நாளாகும். தப்பு நம்மளதுதான், டேக்கை வெட்டி ஒயரை நல்லா வட்டமா சுத்தி விட்டாச்சு.

உப்புக்காத்துல பெட்டி துருப்பிடிச்சு நாலு நாள் லைன் இல்லாதப்பவும் வேற கம்பெனிக்குப் போகாம இருந்த காக்காமாரு, லாத்தாமாரு, அண்ணன்மாரு, நடுராத்திரி ஏணி புடிச்சு டீ வாங்கிக் குடுத்த உச்சிப்புளி மாமா, உங்களை எல்லாம் மறக்க மாட்டேன். பெட்டி செலவு, ஃபைபர் வாடகை எல்லாம் சேந்ததால ஒண்ணாந்தேதியில இருந்து மாசம் 50 ரூபா கூடும், வருஷத்துக்குக் கட்டுனவங்களுக்கு இப்ப இல்ல.

போட்டோ போட்ட தம்பி யாருன்னு எனக்குத் தெரியும், கோவமில்ல. கடைக்கு வாப்பா, பழைய பெட்டி ஒண்ணு கழட்டி வச்சிருக்கேன், உள்ள என்ன இருக்குன்னு நீயே பாரு. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் கடை பூட்டியிருக்கும்.