அம்மாவுக்காக வாசித்த குரலுக்கு

அன்பு நண்பர்களுக்கு,

நேற்று இரவு என் தொடர்கதையின் ஏழாம் அத்தியாயத்தின் கடைசி வரியைத் தட்டச்சு செய்து முடித்தபோது மணி இரண்டரை. அதன் பிறகு தூக்கம் வரவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒருவரிடம் சொன்னால் போதாது என்பதால் இந்த மடல்.

நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. இந்த மூன்று வாரமும் நீங்கள் கூடவே இருந்தீர்கள். அந்தத் தொடர் வெளிவந்த என் வலைப்பூ அழிந்துபோனது, வரைவுகளும் சேர்ந்தே போயின, இனி எழுதவே மாட்டேன் என்று நான் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அப்படிச் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள். அன்றைக்கு மனதில் அதுதான் இருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆனால் முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இதுவரை ஒரு பின்னூட்டம்கூட இட்டதில்லை; அவர் என் தொடரைப் படிக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. முதல் மூன்று அத்தியாயங்கள் கிடைத்துவிட்டன, மற்ற நான்கும் எங்கேயும் இல்லை என்று எல்லோரும் கைவிட்ட இரண்டாம் நாள் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

"அக்கா, இது உங்களுக்கு உதவுமான்னு தெரியலை. அம்மாவுக்குக் கண் பார்வை குறைஞ்சிடுச்சு. உங்க தொடரை நான்தான் சத்தமா வாசிச்சுக் காட்டுவேன். நான் வேலைக்குப் போன பிறகு மறுபடி கேட்கணும்னு ஆசைப்பட்டாங்க. அதனால வாசிக்கும்போதே போன்ல பதிவு பண்ணி வெச்சிருக்கேன். வாசிப்பு சுமாராத்தான் இருக்கும்."

கூடவே ஏழு ஒலிக்கோப்புகள்.

அவற்றைத் திறக்கவே எனக்கு அரை நாள் ஆயிற்று. நான் எழுதிய ஒன்றை இன்னொருவர் குரலில் நான் அதுவரை கேட்டதே இல்லை. நாலாவது கோப்பை ஓடவிட்டதும் ஒரு மின்விசிறிச் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், அப்புறம் அந்தக் குரல். என் நாலாம் அத்தியாயத்தின் முதல் வரி. அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

தொலைந்த நான்கு அத்தியாயங்களும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். குரல்வழித் தட்டச்சில் போட்டுப் பார்த்தேன். நடுநடுவே அம்மாவும் பேசுவதால் எல்லாம் கலந்து வந்தது. சரி, கையாலேயே செய்வோம் என்று இறங்கினேன். ஒரு வாக்கியம் கேட்பது, நிறுத்துவது, அடிப்பது. ஒன்பது இரவுகள். அந்த ஒன்பது இரவில் கற்றுக்கொண்டதை இத்தனை ஆண்டு எழுதியும் நான் கற்றுக்கொண்டிருக்கவில்லை. எழுதத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகள் பலர் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறீர்கள். அப்போது சொன்னதைவிட இப்போது சொல்ல என்னிடம் அதிகம் இருக்கிறது.

முதலில் கவனத்துக்கு வந்தது அவருடைய மூச்சு. நாலாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம்: அவன் எழுந்து, கதவைத் திறந்து, வெளியே எட்டிப் பார்த்து, யாரும் இல்லையென்று தெரிந்து, திரும்பி வந்து, கடிதத்தை மறுபடி எடுத்து, மடித்து... இப்படியே போகும். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். கடைசி வினைக்கு வந்து சேரும்போது குரல் தொங்கிவிட்டது. தமிழில் வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம், இலக்கணம் தடுக்காது. ஆனால் முற்றுவினை வந்து சேரும்வரை கேட்கிறவர் அத்தனையையும் மனதில் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கண்ணால் படிக்கும்போது எனக்கு அது நடையழகு போலத் தெரிந்தது. அந்த வாக்கியத்தை இப்போது மூன்றாக உடைத்திருக்கிறேன்.

அப்புறம் உரையாடல். "நான் வரமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டேனே" என்று எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதிவில் "நான் வரமாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டேனே" என்றுதான் இருக்கிறது. வேண்டுமென்று மாற்றவில்லை, வாய் தானாக அப்படித் திரும்பியிருக்கிறது. கதை சொல்லும் பகுதியை அச்சு மாறாமல் வாசிக்கிறவர், பாத்திரங்கள் பேசும் இடம் வந்ததும் ஒவ்வொரு முறையும் பேச்சுக்கு வந்துவிடுகிறார். நான்கு அத்தியாயத்திலும் அவருடைய வாய் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் எழுத்துத் தமிழை அப்படியே விட்டிருந்தார். கோபத்தில் தகப்பனார் பேசும் இடம் அது. அந்த மனிதர் கோபம் வந்தால் அப்படித்தான் பேசுவார் என்பதை எனக்கு முன்பே அவர் புரிந்துகொண்டிருக்கிறார்!

அடுத்தது அம்மாவின் கேள்விகள். ஐந்து, ஆறு அத்தியாயங்களில் மூன்று தடவை அம்மா இடைமறிக்கிறார். "சரவணன்னா யாரு, போன தடவை வந்தவனா?" "இல்லைம்மா, அது சங்கரன்." எழுத்தில் பார்க்கும்போது இரண்டும் வெவ்வேறு பெயர்கள். காதுக்கு இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகின்றன. முக்கியமான இரண்டு பேருக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர் வைக்காதே என்று எழுதும் கலை பற்றிய புத்தகங்களில் படித்திருக்கிறேன். படித்தும் வைத்திருக்கிறேன். சரவணன் இனிமேல் மாணிக்கம்.

ஆனால் என்னை உலுக்கியது ஆறாம் அத்தியாயம்தான். அதில் ஒரு மழை வரும். இரண்டு பத்தி. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். பதிவில் அந்த மழை இல்லை. கோப்பு வெட்டுப்பட்டிருக்குமோ என்று இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு அவருக்கே எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. "மன்னிச்சுக்கோங்க அக்கா. அன்னைக்கு அம்மா அசதியா இருந்தாங்க. அடுத்து என்ன ஆச்சுன்னு சீக்கிரம் போயிடலாம்னு அந்த இடத்தைத் தாண்டிட்டேன். அம்மாவுக்குக் கதை புரியுறதுல ஒண்ணும் குறையலை."

மன்னிப்புக் கேட்க இதில் என்ன இருக்கிறது! அந்த இரண்டு பத்தியை நினைவிலிருந்து எழுத முயன்றேன். மூன்று நாள் இழைத்தவற்றில் ஒரு வரிகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதே அத்தியாயத்தில் போகிறபோக்கில் எழுதிய "சாவி அவள் கையிலேயே இருந்தது" என்ற வரி மட்டும் வார்த்தை மாறாமல் நின்றது. மழையை விட்டுவிட்டேன். இப்போது கதவு தட்டப்படுகிறது, அடுத்த வரியிலேயே அவள் எழுந்து போகிறாள்.

இதனால்தான் சொல்கிறேன். எழுதியதை முதலில் படிக்கக் கொடுப்பவரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். நம்மேல் அன்புள்ளவர்கள் அதற்கு ஒரே பதில்தான் சொல்வார்கள். எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், யாரை யாரோடு குழப்பிக்கொண்டீர்கள், எதைத் தாண்டிப் போனீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லி, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நாமே வாசித்தால் பாதிப் பலன்தான், ஏனென்றால் எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்று எழுதிய நமக்கு முன்பே தெரியும். ஆளே கிடைக்கவில்லையென்றால் போனிலும் கணினியிலும் தமிழை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது. விட்டுப்போன சொல்லும் எழுத்துப்பிழையும் அதில் நன்றாகப் பிடிபடும். ஆனால் இயந்திரத்துக்கு மூச்சு வாங்காது, எதையும் தாண்டவும் தாண்டாது.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து இப்போது நன்றி சொல்கிறேன். தனித்தனியாக எழுதாததால் குறைவாக நினைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் என் பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடிய இருவரால்தான் முதல் மூன்று அத்தியாயங்கள் திரும்ப வந்தன. 2001-இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் சேவை அது. தானாக எல்லாப் பக்கத்தையும் சேமித்துவிடாது. ஆனால் நம் பக்கத்தின் முகவரியை நாமே கொடுத்துச் சேமிக்கச் சொல்லலாம். புதிய பதிவு போட்டதும் ஒரு நிமிடம் அதற்கு ஒதுக்கியிருந்தால் இந்த மூன்று வாரம் இப்படிப் போயிருக்காது.

வலைப்பூக்களின் புதிய பதிவுகளைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்கும் ஓடைத்திரட்டியில் (RSS ரீடர்) என் பதிவுகளைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் பலர் ஓடோடி வந்தீர்கள். உங்களிடம் இருந்ததெல்லாம் முதல் பத்திகள் மட்டும்தான். வலைப்பூவுக்கு ஆட்கள் நேரில் வர வேண்டும் என்று ஓடையில் சுருக்கம் மட்டும் போகும்படி நான்தான் வைத்திருந்தேன். அதை முழுப் பதிவாக மாற்றிவிட்டேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே மாற்றுங்கள். வாசகர் கையில் இருக்கும் பிரதியும் ஒரு பிரதிதான்.

2003-இல் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் எழுதி, குறுந்தகட்டில் போட்டு மறந்துபோன என் சிறுகதைகளை, இப்போது எல்லோரும் பயன்படுத்தும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தந்த ஐயாவுக்கு வணக்கம். குறியாக்கம் மாற்றும் மென்பொருளில் போட்டபின் குழம்பிப்போன எழுத்துகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார். கேட்டால் பொழுது போக வேண்டாமா என்கிறார். வேர்ட்பிரஸ் வலைப்பூவிலிருந்து எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம், அதில் எழுத்தும் பின்னூட்டமும் வரும், படங்கள் வராது, அவற்றைத் தனியாக நகலெடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த தம்பிக்கும் நன்றி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில் என்ற கணக்கை என் மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். தொடரின் ஒவ்வொரு அத்தியாயமும் இனி வெறும் உரைக்கோப்பாக அந்த மூன்று இடத்திலும் இருக்கும்.

இன்னொரு தோழி, எழுத வராத நாளில் வாசி என்று சொல்லி மதுரைத் திட்டத்தின் பக்கத்தை அனுப்பினார். பழைய தமிழ் நூல்களை 1998-இலிருந்து தன்னார்வலர்கள் மின்னூலாக்கி இலவசமாகத் தருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்த அந்த இரவுகளில் அந்தப் பக்கங்கள் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. நான் அடித்தது என் சொந்தக் கதை. அவர்கள், தங்களுக்கு முன்பே வாழ்ந்து போன யாரோ எழுதியதை, முகம் தெரியாத யாரோ படிப்பதற்காகச் செய்துவருகிறார்கள். அம்மாவுக்காகப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தவரையும் அவர்களையும் இப்போது என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு வாக்கு கொடுக்கிறேன். மாதம் ஒரு கதை, முதன்முதலாக எழுதுகிற ஒருவருடையது. அனுப்புங்கள். நான் சத்தமாக வாசித்துப் பதிவு செய்து உங்களுக்கு மட்டும் அனுப்புவேன். திருத்தம் சொல்ல மாட்டேன், கருத்தும் எழுத மாட்டேன். தடுமாறிய இடத்தில் தடுமாறியபடியே இருக்கும், தாண்டத் தோன்றினால் தாண்டிவிடுவேன். மற்றதை நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, பெயர் எழுதக் கூடாத அந்தத் தங்கைக்கு. ஏழாவது கோப்பின் முடிவில் நீங்கள் "தொடரும்" என்று வாசித்த பிறகு கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு அம்மா, "அப்புறம்?" என்கிறார். "அவங்க இன்னும் எழுதலைம்மா." "எழுதச் சொல்லு." அதோடு பதிவு நின்றுவிடுகிறது. அந்தப் பகுதியை நான் தட்டச்சு செய்யவில்லை, ஆனால் ஒன்பது இரவும் அதைக் கேட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள். எட்டாம் அத்தியாயத்தை இன்று காலை தொடங்கிவிட்டேன். முடிந்ததும் வெளியிடுவதற்கு முன்னால் முதலில் உங்களுக்குத்தான் வரும். வாசித்துக் காட்டுங்கள். அம்மாவுக்கு அசதியாக இருந்தால், தாண்ட வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் அக்கா