முயலோட பாதத்தையும் கொஞ்சம் திருப்பிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற செல்லப்பிராணி பக்கத்த விடாம படிக்கிறவ நான். நாய்க்கு தடுப்பூசி, பூனைக்கு சாப்பாடு, மீன்தொட்டி பராமரிப்புனு நிறைய வருது, சந்தோஷம். முயல் பத்தியும் அப்பப்ப எழுதுறீங்க, ஆனா அது என்ன சாப்பிடும், எவ்ளோ குட்டி போடும், கூண்டு எவ்ளோ பெருசு வேணும்னு சொல்றதோட முடிஞ்சிடுது. பாதத்த பத்தி ஒரு வரி கூட பாத்த ஞாபகம் இல்ல. முயல் வளக்குற வீடுகள்ல நான் பாத்த வரைக்கும் அந்த ஜீவன் சத்தமே இல்லாம அதிகமா வேதனப்படுற இடம் அதோட பின்னங்கால் பாதம்தான். அதனாலதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போனாலும் வெட்டாம போடுங்க ப்ளீஸ்.

நாய் பூனைக்கு பாதத்துக்கு அடியில மெத்துனு தோல் திண்டு இருக்கும்ல, முயலுக்கு அது கிடையவே கிடையாது. அடர்த்தியான முடிதான் அதுக்கு செருப்பு. முடிய விலக்கினா மெல்லிசு தோல், தோலுக்கு கீழ உடனே தசைநாணும் எலும்பும், நடுவுல சதைன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல. மண்ணுலயும் புல்லுலயும் ஓடுறதுக்குன்னே அமைஞ்ச கால் அது, அங்க நகம் மண்ணுக்குள்ள இறங்கும், எடை பாதம் முழுக்க பரவிடும். நம்ம வீட்டு தரையில நகம் எங்க இறங்கும்? நகம் நீளமா வேற இருந்துச்சுன்னா விரல் மேல தூக்கிக்கும், மொத்த பாரமும் குதிகால்ல ஒரே இடத்துல போய் உக்காந்துடும். அந்த இடத்துல முடி கொட்டும், தோல் செவக்கும், அப்புறம் வெடிக்கும், ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரி பாக்டீரியா உள்ள பூந்து சீழ் வைக்கும். முயலோட சீழ் தண்ணியா வழியாது, கெட்டியா கட்டிக்கும், பிதுக்கினாலும் வராது. அப்படியே விட்டா எலும்பு வரைக்கும் போயிடும், அந்த நிலைமையில டாக்டராலயும் பெருசா ஒண்ணும் பண்ண முடியாம போகலாம். இதத்தான் சோர் ஹாக்ஸ்னு சொல்வாங்க. ரெக்ஸ் ரக முயலுக்கு பாதத்துல முடி குட்டையா இருக்குறதால சீக்கிரம் வரும், ஃப்ளெமிஷ் ஜயண்ட் மாதிரி பெரிய ரகத்துக்கு எடையினால வரும்.

இப்ப கம்பி வலைய அடியில போட்ட கூண்டுக்கு வர்றேன், என் கோவமே அதுமேலதான். புழுக்கை எல்லாம் ஓட்டை வழியா கீழ விழுந்துடும், முயல் சுத்தமா இருக்கும்னு சொல்லித்தான் அத விக்கிறாங்க, வாங்குறவங்களும் நல்லெண்ணத்துலதான் வாங்குறாங்க. சுத்தமா இருக்குறது கூண்டோட ட்ரே மட்டும்தான்! அந்த கம்பி மேல ராத்திரி பகலா உக்காந்திருக்குற பாதத்த யாரு பாக்குறா? கம்பி படுற கோட்டுல மட்டும் பாரம் விழுந்து அங்க முடி தேஞ்சு போகும், நகமும் ஓட்டையில மாட்டும். புது கூண்டு வாங்க முடியலன்னா பரவால்ல, கம்பி மேல ஒரு பலகையோ கெட்டி அட்டையோ போட்டு அதுக்கு மேல காய்ஞ்ச புல்ல தாராளமா தடிமனா பரப்புங்க, அட்டை நனைஞ்சா அன்னைக்கே மாத்திடுங்க. டைல்ஸ் தரையில திறந்து விடுறவங்க வழுக்காத மிதியடியோ பழைய பெட்ஷீட்டையோ விரிச்சு விடுங்க. சொரசொரப்பான நைலான் கார்பெட் வேணாம், அதுவும் முடிய தேய்ச்சிடும், நூல் வளையம் வளையமா நிக்கிற ரகம்னா நகம் மாட்டி பிச்சுக்கும்.

பாதம் அழுக்காச்சுன்னா குளிப்பாட்டலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. தயவு செஞ்சு வேணாம். முயல் முடி நனைஞ்சா காய ரொம்ப நேரம் ஆகும், அதுக்குள்ள உடம்பு சில்லிட்டுடும், பயத்துல உதைச்சு துள்ளி முதுகெலும்பையே ஒடச்சுக்குற ஆபத்தும் இருக்கு. அதுவுமில்லாம ஈரமா இருக்குற தோல்தான் சீக்கிரம் புண்ணாகும். அழுக்கு இருக்குற இடத்த மட்டும் வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு பிழிஞ்ச துணியால மெதுவா தொடச்சு, காஞ்ச துண்டால ஒத்தி ஒத்தி எடுத்து, விரல் சந்து வரைக்கும் ஈரம் போயிடுச்சான்னு தொட்டுப் பாத்துட்டு கீழ விடுங்க. காய்ஞ்சு ஒட்டிக்கிட்ட அழுக்கா இருந்தா கொஞ்சம் சோளமாவ தூவி விரலால உதுத்து எடுக்கலாம், டால்கம் பவுடர் மட்டும் வேணாம், மூச்சுல போயிடும். வெள்ள முயல் பாதம் மஞ்சளா இருக்குன்னு சிலர் தேய் தேய்னு தேய்க்கிறாங்க, தோல் நல்லா இருந்து முடி காஞ்சிருந்தா அந்த கறைய அப்படியே விட்டுடலாம், முடி உதிர்ந்து புதுசா வர்றப்ப தானா போயிடும். ஆனா அந்த மஞ்சள் எங்கருந்து வந்துச்சுன்னு பாருங்க. மூத்திரம் தேங்குற ட்ரேயிலயே அது உக்காந்திருக்குன்னு அர்த்தம், அப்ப மாத்த வேண்டியது ட்ரேய. பேப்பர்ல செஞ்ச லிட்டர் (மூத்திரத்த உறிஞ்சிக்க ட்ரேயில போடுற பொருள்) போட்டு மேல காய்ஞ்ச புல் போட்டா ஈரம் கீழ இறங்கிடும், பாதம் மேல காஞ்சே இருக்கும். பூனைக்கு போடுற, கட்டி கட்டியா ஆகுற களிமண் லிட்டர் முயலுக்கு ஆகாது, தின்னுட்டா வயித்துல அடைச்சுக்கும்.

இன்னொரு விஷயம், பாதத்துக்கு அடியில இருக்குற முடிய அழகுக்காகன்னு ட்ரிம் பண்ணவே கூடாது. நாய்க்கு விரல் சந்துல வெட்டுறாங்களேன்னு இதுக்கும் வெட்டி விடுறாங்க, இருந்த ஒரே பாதுகாப்பும் போச்சு.

பாதத்த எப்படி பாக்குறதுன்னு சொல்றேன். ரெண்டு பேர் இருந்தா நல்லது. ஒருத்தர் தரையிலயே உக்காந்துக்கணும், முயல நெஞ்சோட அணைச்சு பின்பக்கத்த ஒரு கையால நல்லா தாங்கிப் பிடிக்கணும், இன்னொருத்தர் பின்னங்கால லேசா வெளிய எடுத்து குதிகால் பக்கம் முடிய கட்டவிரலால ரெண்டா வகிர்ந்து பாக்கணும். முடி அடர்த்தியா, தோல் வெளுப்பா இருந்தா நிம்மதி. சின்னதா ஒரு முடி இல்லாத வட்டம், தோல் காஞ்சு காப்பு காச்சிருந்தா அது பெரிய முயல் நிறைய பேருக்கு இருக்கும், பயப்பட வேணாம், ஆனா பெருசாகுதான்னு வாராவாரம் பாத்துக்கிட்டே இருக்கணும். செவப்பா இருக்கு, தொட்டா சூடா இருக்கு, வீங்கியிருக்கு, பொருக்கு தட்டியிருக்கு, ஈரமா கசியுதுன்னா அன்னைக்கே முயல் பாக்குற டாக்டர்கிட்ட போங்க. மல்லாக்க போட்டா அசையாம கிடக்குதே, அப்படியே பாத்துடலாம்னு நினைக்காதீங்க, அது சொகத்துல கிடக்குறது இல்ல, பயத்துல உறைஞ்சு போறது.

முன்னங்காலையும் விட்டுடாதீங்க. உள்பக்கத்துல முடி பிசுபிசுன்னு ஒட்டி திரி திரியா இருந்தா அது பாத அழுக்கு இல்ல, மூக்கு ஒழுகுறத அந்த கையாலதான் தொடச்சுக்குது. சளி, பல் பிரச்சினைனு ஏதோ ஒண்ணு இருக்கு, பாதத்த மட்டும் தொடச்சு விட்டு பிரயோஜனம் இல்ல.

அதே மாதிரி மெத்து புழுக்கை (வழக்கமான உருண்டை புழுக்கை இல்லாம முயல் போடுற இன்னொரு மெத்துனு இருக்குற புழுக்கை) பாதத்துல மிதிபட்டு ஒட்டிக்கிட்டே இருந்தா சாப்பாட்ட பாருங்க. சாதாரணமா அந்த மெத்து புழுக்கைய முயலே வாய் வச்சு எடுத்து தின்னுடும், அது அதுக்கு சத்து. பழமும் பெல்லட்டும் (கடையில விக்கிற குச்சி தீவனம்) அதிகமானா அது கூழா போய் பின்பக்கமெல்லாம் அப்பிக்கும், ஈ மொய்ச்சு முட்டை வச்சா சில மணி நேரத்துல புழு வந்துடும், உயிருக்கே ஆபத்து. காய்ஞ்ச புல்தான் முக்கால்வாசிக்கு மேல சாப்பாடா இருக்கணும். அப்படி இருந்தா எடையும் ஏறாது, எடை ஏறலன்னா பாதமும் பொழச்சுது.

நகம் மொத்தம் 18, முன்னால அஞ்சஞ்சு, பின்னால நாலு நாலு. மாசத்துக்கு ஒரு தடவ பாத்து நுனிய மட்டும் வெட்டுங்க. உள்ள ரோஸா தெரியுற ரத்தக்கோட்ட தொடாதீங்க, கருப்பு நகமா இருந்தா பின்னாலருந்து டார்ச் அடிச்சா தெரியும்.

கெஞ்சிக் கேக்குறேன், புண்ண பாத்ததும் வீட்டுல இருக்குற நம்ம ஆயின்மென்ட்ட எடுத்து தடவாதீங்க. முயல் உடனே நக்கிடும், ஸ்டீராய்டு கலந்த க்ரீம்னா அதுக்கு ரொம்ப ஆபத்து. மிச்சம் இருக்குற அமாக்ஸிசிலின் ஆன்டிபயாடிக் மாத்திரைய கரைச்சு வாயில ஊத்துறது அதவிட மோசம், குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியா எல்லாம் செத்து முயலே செத்துப் போகும். முயல் வலிய வெளிய காட்டாது. ஒரே இடத்துல குறுகி உக்காந்துக்கும், கால மாத்தி மாத்தி வைக்கும், சாப்பாட்ட குறைச்சுக்கும், அவ்ளோதான். அரை நாள் சாப்பிடலன்னா கூட அது எமர்ஜென்சி, நாளைக்கு பாக்கலாம்னு விடக்கூடாது.

உங்ககிட்ட ஒரு கோரிக்கை. முயல் பக்கத்துக்கு படம் தேர்ந்தெடுக்குறப்ப கம்பித்தரை கூண்டுல இருக்குற முயல் படத்த போடாதீங்க, பாக்குறவங்க அதுதான் சரியான முறைன்னு நினைச்சுக்குறாங்க. முடிஞ்சா முயல் பாக்குற ஒரு கால்நடை டாக்டர்கிட்ட பேசி, நல்லா இருக்குற பாதம் எப்படி இருக்கும், புண் ஆரம்பிக்கிற பாதம் எப்படி இருக்கும்னு ரெண்டு படத்த பக்கத்துல பக்கத்துல போட்டு ஒரு கட்டுரை வெளியிடுங்க.

இப்படிக்கு,
முயல் வளர்க்கும் ஒரு வாசகி