எங்கள் ஃபீடரையும் வெட்டுங்கள்: மின் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் மாநிலம் முழுக்க மின்சாரத்தைப் பங்கிட்டு நடத்தும் லோடு டெஸ்பாட்ச் சென்டரிலும் ஊர் ஊராகத் துணைமின் நிலையங்களிலும் ஷிஃப்ட் பார்க்கும் பொறியாளர்களுக்கு, வணக்கம்.

நான் கோவையில் பம்ப்செட் செய்து விற்கும் சிறு தொழில்காரன். கரண்ட் இல்லாவிட்டால் ஒரு பட்டறை என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2008இல் தொடங்கி வருஷக்கணக்கில் நீண்ட மின்வெட்டில் பக்கத்துப் பட்டறைகள் ஒவ்வொன்றாக லேத்தை விற்றுவிட்டுப் போனதைப் பார்த்தவன். அப்படிப்பட்டவன்தான் இன்று உங்களிடம் கேட்கிறேன்: மின்நிலையங்களையும் லைன்களையும் ஒன்றாகப் பிணைத்த மின் தொகுப்புக்கு ஆபத்து என்று தெரிந்த நிமிஷத்தில், எங்கள் பகுதிக்குக் கரண்ட் கொண்டுவரும் லைனான எங்கள் ஃபீடரையும் தயங்காமல் வெட்டுங்கள். வெட்டப்போவதை மட்டும் முன்கூட்டியே எங்களுக்குத் தெரியும்படி வையுங்கள்.

இப்படிக் கேட்கக் காரணம், 2012 ஜூலை கடைசியில் நான் வியாபார வேலையாக வடக்கே இருந்தேன். வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்று அங்கேதான் கண்டேன்.

அந்த வருஷம் வட மாநிலங்களில் பருவமழை பிந்தியது. பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம் எங்கும் நெல்லைக் காப்பாற்ற விவசாயிகள் போர்வெல்லை நம்பினார்கள். எங்கள் தொழிலில் மழை குறைந்தால் பம்ப் கேட்டு வருபவர்கள் கூடுவார்கள். அதை நம்பித்தான் நான் டில்லிக்கு ரயில் ஏறினேன். சாவ்ரி பஜாரில் மொத்த வியாபாரிகளைப் பார்ப்பது, மறுநாள் ஆக்ராவில் டீலர்கள் சிலரோடு உட்கார்ந்து சப்மெர்சிபிளுக்கு விலை பேசி முடிப்பது, இதுதான் திட்டம்.

ஜூலை 30, திங்கள், அதிகாலை 2.33க்கு வடக்கு மண்டலத் தொகுப்பு விழுந்தது. லாட்ஜில் மின்விசிறி நின்று வியர்வையில் விழித்தபோது இது வழக்கமான மின்வெட்டு என்றுதான் நினைத்தேன். விடிந்த பிறகு மெட்ரோவும் சிக்னலும் கிடந்த நிலையைப் பார்த்துத்தான் விஷயம் பெரிது என்று புரிந்தது. பஜாரில் பாதிக் கடைகள் அரை ஷட்டரில் இருந்தன. ஆனாலும் மாலைக்குள் மின்சாரம் திரும்பிவிட்டது. எல்லோரும் போலவே நானும் கண்டம் தாண்டிவிட்டது என்று நம்பி, செவ்வாய்க்கிழமை முற்பகல் ஆக்ரா ரயிலில் உட்கார்ந்தேன்.

பகல் 1 மணி சுமாருக்கு, மதுராவுக்கு முன்னால், இரண்டு பக்கமும் வயலாக இருந்த இடத்தில் ரயில் மெல்ல நின்றது. ஏசி பெட்டி என்பதால் ஜன்னல் திறக்காது. கொஞ்ச நேரத்தில் உள்ளே மூச்சு முட்டியது. கைக்குழந்தைக்காரர்களை முதலில் இறக்கிவிட்டு நாங்களும் இறங்கினோம். ஏன் நின்றது, எப்போது கிளம்பும் என்று சொல்ல ஆள் இல்லை. பெட்டியில் வந்த ஊழியருக்கும் எங்களுக்குத் தெரிந்த அளவுதான் தெரிந்தது. டவர் இருந்தவரைக்கும் போன் அடித்துப் பார்த்தோம். கோவையில் என் மனைவி எடுத்தார். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு கரண்ட் இருந்ததால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூன்று மண்டலமும் சேர்ந்து விழுந்துவிட்டதாகச் செய்தியில் சொல்வதாக அவர்தான் சொன்னார். நான் அதைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்ல, ரயில் நெடுகப் பரவியது. காலடியில் நடந்ததை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

தண்டவாளத்தை ஒட்டி ஒரு போர்வெல் கொட்டகை. கயிற்றுக் கட்டிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தொழில் புத்தி, நேராக ஸ்டார்ட்டரைத்தான் பார்த்தேன். பச்சைப் பட்டன் வெளியே வராதபடி இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்திருந்தார். கரண்ட் எப்போது வந்தாலும் மோட்டார் தானாக ஓட வேண்டும், ராத்திரி எழுந்து வர வேண்டாம் என்பதற்காக. நம் ஊரில் ஆட்டோ ஸ்விட்ச் போட்டு வைப்பதும் இதற்குத்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு நாளாகத் தண்ணீர் பாயாத நாற்று அங்கே கண்ணெதிரே வெளுத்துக் கிடந்தது. அந்தத் தீக்குச்சி பற்றிக் கீழே சொல்கிறேன்.

டீசல் எஞ்சின் வந்து எங்களை இழுத்துக்கொண்டு போனபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆக்ராவில் இறங்கியபோது ஊர் இருட்டு. டீலர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த சீசன் ஆர்டர் எங்கள் கையைவிட்டுப் போனது. என் நஷ்டம் பெரிதல்ல. அதே நேரத்தில் மேற்கு வங்காளத்தில் லிஃப்ட் நின்றுபோய் சுமார் 200 சுரங்கத் தொழிலாளர்கள் பூமிக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, மீட்கப்பட்டார்கள். அன்று இருண்ட பரப்பில் வாழ்ந்தவர்கள் 60 கோடிக்கும் மேல். மின்சாரம் முழுக்கத் திரும்ப இரவு 9.30 வரை ஆனது.

ஊர் திரும்பிய பிறகு, மத்திய அரசு அமைத்த விசாரணைக் குழு ஆகஸ்ட் 16இல் அறிக்கை கொடுத்தது. உங்களுக்கு அது பாடம் போலத் தெரிந்திருக்கும். என் போன்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேற்கு மண்டலத்தையும் வடக்கு மண்டலத்தையும் இணைத்த வழிகளில் பல அப்போது வேறு வேறு காரணங்களால் நிறுத்தப்பட்டிருந்தன. பீனா–குவாலியர் 400 கேவி லைனில் ஒரு சர்க்யூட், அதாவது மின்சாரம் போகும் தனிப்பாதைகளில் ஒன்று, தரம் உயர்த்துவதற்காக ஓய்வில் இருந்தது. மேற்கில் மழை பெய்து தேவை குறைந்திருந்தது, வடக்கில் மழையில்லாமல் கூடியிருந்தது. வடக்கு மாநிலங்கள் ஒப்புக்கொண்ட அளவைவிட அதிகமாக இழுக்க, அந்தப் பாரமெல்லாம் மிச்சமிருந்த ஒற்றை சர்க்யூட்டின் தலையில் வந்தது. நாலு பேர் தூக்கிய சப்பரத்தை ஒருவர் தோளில் வைத்தது போல. மின்னழுத்தம் இறங்கி, கரண்ட் ஏறி, அந்த அளவுகளைப் பார்த்த ரிலே (பழுது என்று கண்டால் லைனைத் தானாகத் துண்டிக்க வைக்கும் கருவி) எங்கோ ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு லைனைத் திறந்துவிட்டது. அங்கே எந்தப் பழுதும் இல்லை.

கேரளா எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ டில்லிக்குப் போன யாரும் பீனாவையும் குவாலியரையும் கடந்துதான் போயிருப்பார்கள். ஜன்னல் வழியே பார்த்து மறந்த ஊர்கள். நாட்டின் பாதி அந்த இரண்டு ஊருக்கு இடையில் ஒரு கம்பியில் தொங்கியது.

என்னை உறுத்தியது அதற்கு முந்தின கட்டம். அதிகமாக இழுக்காதீர்கள், லோடைக் குறையுங்கள் என்று மண்டல மையங்கள் மாநிலங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கின்றன. மாநில மையங்கள் போதிய அளவு செய்யவில்லை என்று அறிக்கையே சொல்கிறது. ஏன் செய்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு ஓரளவு புரிகிறது. ஃபீடரைத் திறந்தால் அடுத்த நிமிஷம் போன் வரும். விவசாயி சாலை மறியல் செய்வார், எங்களைப் போன்றவர்கள் மனுவோடு வந்து நிற்போம், மேலிடத்திலிருந்து யாராவது சத்தம் போடுவார்கள். கூடுதலாக எடுத்ததற்கு அபராதத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கும் இருந்திருக்கும். அதோடு, சைக்கிள் (மின்சாரத்தின் அதிர்வெண்) குறையும்போது தானாக லோடை உதிர்க்க வேண்டிய ரிலேக்களும் வேண்டிய அளவு உதிர்க்கவில்லை. சிலருக்குச் சில மணி நேரம் நிறுத்தியிருந்தால் போதும். அதைச் செய்யாததால் எல்லோருக்கும் போனது. அடுத்த நாளே அதே லைன், அதே விதமாக, மறுபடியும்.

அன்று தமிழ்நாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தென் மண்டலம் அப்போது இரு பக்கத்து சைக்கிளையும் ஒன்றோடொன்று பிணைக்காத டிசி (நேர்மின்) இணைப்புகள் வழியாகத்தான் வடக்கோடு பேசிக்கொண்டிருந்தது. அவர்கள் சைக்கிள் வேறு, நம் சைக்கிள் வேறு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைனை ஏற்றியதும் அந்தத் தடுப்பு போயிற்று. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை இப்போது ஒரே 50 ஹெர்ட்ஸ். அதனால் நமக்கு நன்மையே அதிகம், அதை மறுக்கவில்லை. 2024 மே மாதம் நம் தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியபோதும் ஊர் இருளாமல் இருந்ததில் அந்த இணைப்புக்கும் பங்குண்டு. ஆடிக் காற்றில் கயத்தாறிலும் ஆரல்வாய்மொழியிலும் சுழலும் காற்றாலைகளின் மின்சாரத்தை வெளியே அனுப்ப முடிவதும் அதனால்தான். ஆனால் இனி பீனாவில் நடப்பது எங்கள் கோவை பீளமேட்டுக்கும் வரலாம். நாம் செய்யும் தவறு அவர்களுக்கும் போகலாம்.

2012க்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது என்பதும் தெரியும். சைக்கிள் வரம்பை 49.90–50.05 ஹெர்ட்ஸ் என்று இறுக்கியிருக்கிறார்கள், புதிய 765 கேவி வழிகள் வந்திருக்கின்றன. ஆனாலும் 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் நண்பகலில் சில விநாடிகளில் இருண்டன. காரணம் வேறு, அங்கே மின்னழுத்தம் எகிறியது. வசதியான நாடு, நவீனத் தொகுப்பு, அங்கும் ரயில்கள் நடுவழியில் நின்றன. அன்று அங்கே வியாபாரத்துக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள் பட்டதை என்னால் நன்றாக ஊகிக்க முடிகிறது.

ஆகவே நான் கேட்பது இவைதான். சைக்கிள் இறங்கும்போது தானாகத் திறக்க வேண்டிய ஃபீடர்களின் ரிலேக்களை உண்மையாகவே சோதித்து, சர்வீஸில் வையுங்கள். எவருடைய சிபாரிசுக்காகவும் ஒரு ரிலேயைக்கூட பைபாஸ் செய்யாதீர்கள். எந்தப் பகுதி எந்தக் கட்டத்தில் போகும் என்ற பட்டியலை வெளியிடுங்கள். மக்கள் கொதிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். தெரியாமல் போவதுதான் கொதிக்க வைக்கும்.

அந்தப் பட்டியலைப் போடும் முன் எங்களோடு உட்காருங்கள். தொழிற்பேட்டை என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. என் அசெம்பிளி ஷெட்டில் கரண்ட் போனால் பையன்கள் டீ குடித்துவிட்டு வருவார்கள், வேறொன்றும் ஆகாது. நாலு கட்டடம் தள்ளி இருக்கும் ஃபவுண்டரியில் இண்டக்‌ஷன் ஃபர்னஸில் இரும்பு உருகி நிற்கும். கொட்டுவதற்குள் நீண்ட நேரம் கரண்ட் போனால் இரும்பு உள்ளேயே இறுகும். லைனிங்கை உடைத்து எடுக்க வேண்டும், கூலிங் தண்ணீர் நின்றால் காயிலுக்கே ஆபத்து. இரண்டு பேரும் ஒரே ஃபீடரில் இருப்பதால் இரண்டு பேருக்கும் ஒரே விதி என்பது சரியில்லை. ஃபவுண்டரிக்காரருக்குத் தனி ஃபீடரோ முன்னெச்சரிக்கையோ கொடுங்கள். என்னை முதல் கட்டத்திலேயே வையுங்கள், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

தொகுப்பே விழுந்துவிட்டால் முதல் கால் மணி நேரத்தில் பேசுங்கள். காரணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. “பெரிய பழுது, சரிசெய்ய மணிக்கணக்காகும், லிஃப்டில் ஏறாதீர்கள், தண்ணீரைச் சிக்கனமாக எடுங்கள்” என்று நாலு வாக்கியம் வானொலியிலும் குறுஞ்செய்தியிலும் வந்தால் போதும். செல்போன் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்த பிறகு சொல்லிப் பயனில்லை. ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அந்தத் தகவல் அதே நேரத்தில் போக வேண்டும். வெளியூர்க்காரனுக்கு அங்கே மைக்கில் வரும் குரல்தான் கதி.

கடைசியாக, மீட்பு. அனல்மின் நிலையம் தானாக எழாது, அதன் பம்புக்கும் ஃபேனுக்கும் வெளியிலிருந்து கரண்ட் வேண்டும். குந்தா, மேட்டூர், பெரியாறு போன்ற நீர்மின் நிலையங்கள்தான் முதலில் எழுந்து மற்றவர்களை எழுப்ப வேண்டியவை. அந்த ஒத்திகையைத் தவறாமல் செய்யுங்கள், செய்ததை அறிவியுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் அளந்து அளந்து லோடு ஏற்றுவீர்கள். அங்கேதான் அந்தத் தீக்குச்சி வருகிறது. ஒரு ஃபீடரைப் போட்டதும் அதில் இருக்கும் அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பினால், ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட்டை ஒரே நொடியில் இழுக்கும், ஏற்றியது மறுபடி விழும். இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. கரண்ட் வந்த பிறகு ஒவ்வொரு மோட்டாரும் வெவ்வேறு நிமிஷம் பொறுத்துக் கிளம்பும்படி டைமர் வைத்த ஸ்டார்ட்டர் செய்வது பெரிய வித்தையல்ல, விலையும் அதிகம் ஏறாது. என் பட்டறையில் இதை ஆரம்பித்துவிட்டேன். எத்தனை நிமிஷ இடைவெளி உங்களுக்கு உதவும் என்று ஒரு அளவைச் சொல்லுங்கள். புதிய விவசாய இணைப்புக்கு அதைக் கட்டாயமாக்குங்கள். அதே அளவில் செய்யும்படி மற்ற உற்பத்தியாளர்களிடம் நானே போய்ப் பேசுகிறேன். கெப்பாசிட்டர் இல்லாத மோட்டார்களைப் பற்றியும் அப்போதே பேசலாம், மின்னழுத்தம் இறங்குவதில் அதற்கும் பங்குண்டு.

கூட்டத்துக்குத் தேதி வையுங்கள். சென்னை என்றாலும் வருகிறோம். காற்று சீசன் தொடங்குவதற்கு முன் வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு பம்ப்செட் உற்பத்தியாளர்