அண்ணன் எப்போது அப்பாவானார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர், தொலைக்காட்சித் தொடர்களால் குடும்பங்கள் கெடுகின்றன என்று நீளமாக எழுதியிருந்தார். இதை இருபது வருடமாக யாராவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நானும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், இரவானால் டிவியையும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கெடுகிறதா இல்லையா என்பதை விடுவோம். என் பிரச்சினை வேறு. நாடகத்தில் யாருக்கு யார் என்ன முறை என்பதே இப்போது தெரியாமல் போகிறது, அதைப் பற்றி ஒருவரும் எழுதக் காணவில்லை.

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில். என்னோடு அம்மா இருக்கிறார், வயது 79. கண் கொஞ்சம் மங்கல், காது மட்டும் நல்ல கூர்மை. ஆளை முகத்தால் பிடிக்க மாட்டார், குரலாலும் முறையாலும்தான் பிடிப்பார். இவள் அவளுடைய மச்சாள், இவன் அவனுடைய சகலன் என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும், ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் சொல்லுவார். நாடகத்தையும் அப்படித்தான் பார்க்கிறார். அப்படிப்பட்ட மனுஷியை 2023 ஒக்டோபர் கடைசியில் பாண்டியன் ஸ்டோர்ஸ் என்ற நாடகம் கவிழ்த்துப்போட்டது.

முதல் பாகத்தில் நடிகர் ஸ்டாலின் முத்துதான் மூர்த்தி. நான்கு சகோதரர்களில் மூத்தவர், தனத்தின் புருஷன், தம்பிமாரைச் சொந்தப் பிள்ளைகள் போல வளர்த்தவர். ஐந்து வருடம் ஓடி அது முடிந்தது. முடிந்த கையோடு இரண்டாம் பாகம் வந்தது, அதில் அதே ஸ்டாலின் முத்துதான் பாண்டியன். மனைவி கோமதியாக நிரோஷா, தோளுக்கு மேல் வளர்ந்த ஆண் பிள்ளைகள், அதே குரல், அதே கடை. அம்மா ஒரு விளம்பர இடைவேளை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "மூர்த்திக்கு இவ்வளவு பெரிய பொடியன்கள் எப்ப பிறந்த? மறுகா தனம் எங்க?" என்று கேட்டார். இது வேறு கதையம்மா என்றேன். "வேறு கதை என்றால் பேரை ஏன் மாத்தயில்லை?" எனக்குப் பதில் வரவில்லை, உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

போதாக்குறைக்கு மீனா. நடிகை ஹேமா முதல் பாகத்திலும் மீனா, இரண்டாம் பாகத்திலும் மீனா. முன்பு ஜீவாவின் மனைவி, அதனால் மூர்த்திக்குத் தம்பி பெண்சாதி. இப்போது செந்திலின் மனைவி, அதனால் அதே ஆளுக்கு மருமகள். தமிழ்நாட்டில் பல வீடுகளில் புருஷனின் அண்ணனும் மாமா, புருஷனின் அப்பாவும் மாமா. ஆகையால் கூப்பிடுகிற சொல்லை வைத்தும் எது எந்தப் பாகம் என்று பிடிக்க வழியில்லை. சில நாடகங்களில் கட்டின புருஷனையே மாமா என்கிறார்கள், அந்த வழக்கு அவர்களுக்குச் சரி, ஆனால் மாமா என்றால் அம்மாவின் சகோதரன் அல்லது மாமனார் என்று இருக்கிற எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் பாகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. தொண்ணூறுகளில் மர்மதேசம் என்று ஒன்று வந்தது, வாரத்துக்கு ஒரு நாள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதியது. அந்த ஒரு தலைப்பின் கீழ் ரகசியம், விடாது கருப்பு, சொர்ண ரேகை, இயந்திரப் பறவை, எதுவும் நடக்கும் என்று வெவ்வேறு கதைகள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இருந்தது. கருப்பைப் பார்த்துப் பயந்தவர் அடுத்த கதையில் போய்க் கருப்பைத் தேடவில்லை. ஒரு கதை முடிந்தால் முடிந்தது, அடுத்தது தொடங்கினால் தொடங்கியது, இவ்வளவுதான் நான் கேட்பதும்.

கிழமை நாடகம் போய் தினசரி நாடகம் வந்ததுதான் பெரிய மாற்றம். 1999 கடைசியில் சன் டிவியில் ராதிகாவின் சித்தி தொடங்கியது, அதன் பிறகு இரவுச் சாப்பாட்டு நேரமே மாறிப்போன வீடுகள் எங்கள் ஒழுங்கையில் இருக்கின்றன. மனைவியை இழந்தவருக்கு இரண்டாம் தாரமாக வந்து அவருடைய மகளை வளர்க்கிற சாரதா. சித்தியை நாங்கள் இங்கே சின்னம்மா என்போம், காத்தான்குடிப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் சாச்சி என்பார்கள். என் அக்காவின் மகள் என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாடகம் ஓடிய காலத்தில் ஒரு நாள் பின்னேரம் "சித்தி" என்றாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள், நான் இன்னும் சித்திதான். ஒரு தலைப்பு ஒரு முறைப்பெயரையே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததென்றால் அதற்கு எவ்வளவு பலம் இருந்திருக்க வேண்டும்! அந்தப் பலத்தை நம்பித்தான் 2020 தொடக்கத்தில் சித்தி 2 வந்தது. அடுத்த வருடமே ராதிகா விலகிக்கொண்டார். நாடகம் நிற்கவில்லை, வெண்பா, கவின் என்ற பாத்திரங்களை வைத்துக்கொண்டு அந்த வருடக் கடைசி வரை சித்தி என்ற பெயரிலேயே ஓடியது. சித்தி இல்லாத சித்தி. புளி போடாமல் புளிக்கஞ்சி காய்ச்சின மாதிரி.

மெட்டி ஒலியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் அம்மா கோபிப்பார். திருமுருகன் இயக்கியது, 2002இல் தொடங்கி 2005 வரை ஓடியது. அப்போது எங்கள் மணிக்கூடு இந்தியாவை விட அரை மணித்தியாலம் முந்தி ஓடியது (2006 ஏப்ரலில்தான் திரும்பப் பழைய நேரத்துக்கு வந்தோம்), சென்னையில் 9 மணி என்றால் கல்லடியில் 9.30. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் புலிகள் இயக்கத்தின் பகுதியில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள், ஆகவே கொக்கட்டிச்சோலையில் இருந்த என் பெரியம்மாவின் மணிக்கூடு சென்னையோடு ஒத்துப்போனது, ஆனால் அவர் வீட்டில் கரண்ட் இல்லை. மண்முனையில் பாதை (வாவியைக் கடக்கிற படகு) ஏறி எங்களிடம் வந்து நிற்கிற நாட்களில் விட்டுப்போன கதையை அம்மாவிடம் கேட்டுக்கொள்வார். சரோவுக்கு என்ன நடந்தது, அந்த மாணிக்கம் திருந்தினானா, ராஜம் இன்னும் அப்படியேதானா. அம்மா ஒன்று விடாமல் ஒப்பிப்பார். அப்படி ஒப்பிக்க முடிந்ததற்குக் காரணம் மூன்று வருடமும் சிதம்பரம் சிதம்பரமாகவும் ஐந்து பெண் பிள்ளைகள் அதே ஐந்து பெண் பிள்ளைகளாகவும் இருந்ததுதான்.

முடிவை நாங்கள் பார்க்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. மறுகா எங்களுக்கு டிவியும் இல்லை, டிவி வைக்க வீடும் இல்லை. பள்ளிக்கூடத்து மண்டபத்தில் இருந்த நாட்களில் அந்தக் கதை எங்கேயோ முடிந்துபோனது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது சன் டிவி மெட்டி ஒலியைத் திரும்பப் போட்டது, அப்போதுதான் அம்மா பதினைந்து வருடத்துக்குப் பிறகு மிச்சத்தைப் பார்த்தார். ஒருவரையும் அறிமுகப்படுத்தத் தேவையிருக்கவில்லை, குரல் கேட்டதும் ஒவ்வொருத்தியாகப் பெயர் சொன்னார். பெரியம்மா அதற்குள் போய்விட்டார்.

இதில் இன்னொரு விஷயம். மெட்டி ஒலி எங்கள் ஆட்களுக்கு ஏன் அப்படி ஒட்டியது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடும் வளவும் பெண் பிள்ளைக்கு. மூத்தவளுக்குத் தாய் வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பக்கத்தில் ஒரு குசினியை இறக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள், அப்புறம் அடுத்தவளுக்கு வீடு கட்டத் தொடங்குவார்கள். எங்கள் அப்பாவுக்குப் பெண் பிள்ளைகள் மூன்று பேர், மூன்று வீட்டுக் கல்லும் சீமெந்தும் அவர் முதுகில்தான் இருந்தது. ஐந்து பெண் பிள்ளைகளைப் பெற்ற சிதம்பரம் திரையில் தலையில் கைவைத்தபோது எங்கள் அப்பா ஒரு சொல்லும் பேசாமல் எழும்பி முற்றத்துக்குப் போய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மற்ற நாடகங்கள் பெரும்பாலும் ஆண் சகோதரர்களின் கதை. நான்கு அண்ணன் தம்பிமார், நான்கு மருமகள்மார், ஒரே கூரை, ஒரே அடுப்பு, நடுவில் ஒரு மாமியார். இங்கே அப்படி ஒரு வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அண்ணன் தம்பிமார் நான்கு பேர் என்றால் நான்கு ஊரில் நான்கு மாமியாரின் வளவில் இருப்பார்கள். எங்கள் ஊர் மாமி மருமகளோடு சண்டை பிடிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போக வேண்டும். எதிர்நீச்சல் நாடகத்தில் ஆதி குணசேகரன் அந்தப் பெரிய வீட்டின் நடுவில் நின்று நான்கு மருமகள்மாரையும் அதட்டுகிறாரே, அவர் எங்கள் ஊர்க்காரராகப் பிறந்திருந்தால் ஈஸ்வரியின் தாய் கொடுத்த வீட்டில் ஒரு கதிரையில் அடக்கமாக உட்கார்ந்திருப்பார், மாமி உள்ளே இருக்கிறார் என்றால் சத்தம் போட்டுக் கதைக்கவும் மாட்டார். இதை நான் சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து வளவுக்குக் கேட்டது.

இங்கே சண்டை இல்லை என்று நினைக்க வேண்டாம். அக்கா தங்கைமாரும் சகலன்மாரும் வேலிக்கு வேலி இருக்கிற இடத்தில் கிணற்றுக்கும் தென்னைக்கும் வருகிற கதைகள் இருக்கின்றனவே, ஆயிரம் எபிசோட் எடுக்கலாம். ஒருவரும் எடுக்கவில்லை.

எதிர்நீச்சலை நான் குறையாகச் சொல்லவில்லை, நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கோலங்கள் நாடகத்தை எடுத்த அதே திருச்செல்வம்தான் இதையும் எடுக்கிறார். இது தொடங்கியது 2022 பெப்ரவரியில், அந்த மாதங்களில் இங்கே கரண்ட் வெட்டு எப்படி இருந்ததென்று உங்களுக்குத் தெரியும், அதனால் முதல் மாதக் கதை எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பிடித்துக்கொண்ட பிறகு விடவில்லை. குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் திகதி திடீரென்று காலமானார். அன்று எங்கள் ஒழுங்கையில் சொந்தத்தில் ஒருவர் போன மாதிரித்தான் கதைத்தார்கள், அந்த வீட்டுப் பெண்களைப் படுத்தாத பாடு படுத்தின மனுஷனுக்காக! அவருக்குப் பதிலாக வேல ராமமூர்த்தி வந்தார். அம்மாவுக்குக் குரல் பழக ஒரு மாதம் எடுத்தது. ஆனால் முறை மாறவில்லை, ஈஸ்வரியின் புருஷன் ஈஸ்வரியின் புருஷன்தான், ஞானத்துக்கும் கதிருக்கும் சக்திக்கும் அண்ணன்தான். அதனால் பழகிவிட்டது. 2024 ஜூனில் முடித்து, டிசம்பரில் திரும்பத் தொடங்கியபோதும் எதிர்நீச்சல் தொடர்கிறது என்று பெயர் வைத்தார்கள். ஜனனியாக வேறு பெண் வந்தாள், சரி, அது நடக்கும். தொடர்கிறது என்று சொன்னார்கள், தொடர்ந்தது. முன்பு பாண்டியன் ஸ்டோர்ஸ் முதல் பாகத்தில் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்தபோதும் வேறு பெண் வந்து முல்லையானாள், அம்மா இரண்டு நாள் அழுதுவிட்டு ஏற்றுக்கொண்டார். ஆள் மாறுவதை அவரால் தாங்க முடிகிறது. அதே ஆள் வேறு முறையில் வந்து நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு நாடகங்களைச் சேர்த்துக் காட்டுகிற மகாசங்கமத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாண்டியன் ஸ்டோர்ஸ் குடும்பமும் பாக்கியலட்சுமி குடும்பமும் ஒரே வீட்டில் வந்து நின்ற அந்த நாட்களில் அம்மா டிவியை நிற்பாட்டச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். கல்யாண வீட்டில் தவறான பந்தலுக்குள் போய்விட்ட மாதிரி இருக்கிறதாம்.

இனி நான் கேட்பது. சென்னைக்காரருக்கு நான் எழுதி என்ன ஆகப்போகிறது, அதனால் நம் நாட்டுத் தமிழ் அலைவரிசைகளுக்குச் சொல்கிறேன். பதின்மூன்று கிழமை, கிழமைக்கு ஒரு நாள், ஒரே வளவில் இருக்கிற இரண்டு சகலன்மாரின் கதையை எங்கள் பேச்சில் எடுங்கள். தலைப்பு என்னவென்றாலும் இருக்கட்டும், முடிந்ததும் முடியுங்கள், பாகம் இரண்டு வேண்டாம். நடிக்க ஆள் இல்லையென்று சொல்ல வேண்டாம், நாட்டுக்கூத்து ஆடுகிற ஊர் இது.

உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். ஞாயிறு பதிப்பில் டிவிப் பக்கத்தில் நடிகைகளின் பெரிய படங்கள் போடுகிற இடத்தில் கால்வாசியை ஒதுக்கி, எந்த நாடகத்தில் யார் யாருக்கு என்ன முறை, போன நாடகத்தில் அதே ஆள் யாராக வந்தார் என்று ஒரு பட்டியல் போட முடியுமா? எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். நான் வாசிக்கிறேன் என்றாலும் அம்மா விட மாட்டார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசிக்கப் பார்ப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு