செப்பு நிறத்தை அதன் பெயராலேயே எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழுச் சந்திர கிரகணச் செய்திகளில் நிலவின் நிறத்தைத் தலைப்பில் ‘இரத்தச் சிவப்பு’ என்றும், செய்திக்குள் ‘பழுப்பு’ என்றும், படக்குறிப்பில் ‘வெண்கல நிறம்’ என்றும் தங்கள் நாளிதழ் எழுதிவருவதைக் கவலையோடு கவனித்து வருகிறேன். இம்மூன்றும் வெவ்வேறு நிறங்கள். படத்தில் பெரும்பாலும் தெரிவது நான்காவதான செப்பு நிறம்.

லத்தீன் மொழி இந்த உலோகத்தைச் சைப்ரஸ் தீவின் பெயரால் அழைத்தது. தமிழோ அதன் செம்மையைக் கண்டு செம்பு என்றது. நிறத்தால் உலோகம் பெயர் பெற்று, பின்பு அந்த உலோகத்தால் ஒரு தனி நிறம் பெயர் பெற்றிருக்கிறது. பெரும்பாலான உலோகங்கள் வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்க, செம்போ ஒளியின் நீல, பச்சைப் பகுதிகளை மிகுதியாக உட்கொண்டு சிவப்பையும் ஆரஞ்சையும் திருப்பி அனுப்புவதால், சற்றே பழுப்போடிய அந்தச் செம்மையும் மினுமினுப்பும் அதற்கு வாய்க்கின்றன. பழுப்பு என்றால் முற்றி வாடிய இலையின் மங்கல்; அதில் மினுக்கம் இல்லை. வெண்கலத்தில் வெள்ளீயம் கலந்திருப்பதால் மஞ்சள் சாயல் தட்டும். பழைய செப்புக் கூரையில் படரும் பச்சையையும் செப்பு நிறம் என்று எழுதிவிடுகிறார்கள். அது செம்பின்மேல் நாள்பட்டுப் படியும் பாசியான களிம்பின் நிறம்.

எல்லாக் கிரகணமும் செப்பு நிறம் என்று நான் சொல்லவில்லை. பிரெஞ்சு வானியலாளர் ஆந்திரே டான்ஜோன் வகுத்த அளவுகோலில், நிலவு ஏறத்தாழ மறைந்துபோகும் கிரகணத்துக்கு 0, துருச் சிவப்புக்கு 2, செங்கல் சிவப்புக்கு 3, ஒளிமிக்க செப்புச் சிவப்புக்கு 4 என மதிப்பிடுகிறார்கள். பூமியின் வளிமண்டலத்தில் தூசும் மேகமும் எவ்வளவு என்பதைப் பொறுத்தே இந்த நிறம் மாறுகிறது. எனவே எல்லாவற்றையும் ‘இரத்த நிலா’ என்று எழுதும்போது, அன்றைய வானம் காட்டிய செய்தியே வாசகருக்குக் கிடைக்காமல் போகிறது.

‘காப்பர் கலர்’, ‘செம்பு கலர்’ என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டுகிறேன். செப்பேடு, செப்புக்காசு என்பவற்றைப் போலச் செப்பு நிறம் என்பதே இயல்பான வடிவம்; தாமிர நிறம் என்றாலும் பிழையில்லை. அடுத்த கிரகணத்தன்று, செய்தி முகமையின் சொல்லை அப்படியே பெயர்க்காமல், படத்தைப் பார்த்து நிறத்தின் பெயரை எழுதும்படி தங்கள் உதவி ஆசிரியர்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்