சயாமுக்குப் போனவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 26ஆம் தேதி நாளிதழில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஆஸ்திரேலியக் குடும்பம் குனிந்து பூ வைக்கிறது. சயாம் மரண ரயில் பாதையில் உயிர்விட்ட போர்க்கைதிகளுக்கு அஞ்சலி என்று கீழே மூன்று வரி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட பாதை அது. செய்தியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பாதையில் கைதிகளை விடப் பல மடங்கு செத்தது ஆசியத் தொழிலாளிகள், அவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் ஏராளம் என்று நாலாவதாக ஒரு வரி சேர்த்திருக்கலாம். அதைத் தமிழ்ப் பத்திரிகை சொல்லாவிட்டால் யார் சொல்வது?

சரி, குறை சொல்வதற்காக எழுதவில்லை. உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு நானும் போயிருக்கிறேன். பணி ஓய்வு பெற்ற வருஷம், தங்கச்சியோடு. அங்கே ஏறத்தாழ 7,000 பேரை அடக்கம் செய்திருக்கிறார்கள். ஒட்ட வெட்டிய புல். வரிசை வரிசையாகத் தாழ்வான கற்கள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் உலோகத் தகடு. பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. சிலவற்றில் அதற்கும் கீழே குடும்பத்தார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. என் வயசிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா மண்டியிட்டு, பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து, ஒரு தகட்டை எழுத்தெழுத்தாகத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுத்துகளுக்கு நடுவே இருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார். அவர் அப்பாவின் தம்பியாம். 23 வயசில் போய்விட்டார். இந்த அம்மா பிறக்கவே இல்லை அப்போது. எங்களைப் பார்த்து, "உங்களுடையவர் எங்கே?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் ரயில் பாதை போகிற பக்கமாகக் கையைக் காட்டினேன். வேறு எதைக் காட்டுவது?

எங்கள் தாத்தா 1943இல் தம்பின் ஸ்டேஷனில் ரயிலேறினார். அப்பாவுக்கு அப்போது ஆறு வயசு. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் வந்து சொன்னாராம்: மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடும் இடமும் இலவசம். தாத்தா ஒரு கம்பளியும், ஒரு தகரக் குவளையும், பால்வெட்டுக் கத்தியும் எடுத்துக்கொண்டு போனார். பாட்டி கடைசிவரை அந்தக் கத்தியைப் பற்றித்தான் பேசுவார். "கத்திய எதுக்கு எடுத்துட்டுப் போனாரு? அங்க என்ன ரப்பர் மரமா நட்டு வச்சிருந்தான்?" ஆட்களை மட்டும் ஜப்பான்காரன் கொண்டுபோகவில்லை. தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப் பாதையின் தண்டவாளத்தையும் பெயர்த்து அதே சயாமுக்குத்தான் அனுப்பினான்.

மூடிய சரக்கு வண்டியில் சயாமிலுள்ள பான்போங் வரை, அதற்கு அப்பால் காட்டுக்குள் நடை. இதெல்லாம் பக்கத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, போய்த் திரும்பி வந்த ஒருவர் சொன்னது. நீக்கே முகாம் வரை தாத்தாவைப் பார்த்ததாகவும், அப்போது மழைக்காலம், வாந்திபேதி பரவியிருந்தது என்றும் சொன்னார். அதற்கு மேல் பாட்டியிடம் அவர் பேசவில்லை. பாட்டியும் கேட்கவில்லை. 415 கிலோமீட்டர் பாதையும் 1943 அக்டோபர் 17ஆம் தேதி இணைந்துவிட்டது. மூன்று மாதம் என்று போனவர் வரவில்லை.

செத்த நாள் தெரியாததால் எங்கள் வீட்டில் தாத்தாவுக்குத் திதி இல்லை. ஆடி அமாவாசைக்குப் போர்ட்டிக்சன் கடற்கரையில் கொடுப்பதோடு சரி. பாட்டி தாலியைக் கழற்றவே இல்லை. 1979இல் பாட்டி இறந்தபோது, குளிப்பாட்ட வந்த பெண்கள் பொட்டு வைத்து அனுப்புவதா கூடாதா என்று வெகுநேரம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு கிழவி, "அவருக்குச் சேதி வரலையே, வையுங்கடி" என்று முடித்து வைத்தார். நான் பக்கத்தில் குங்குமச் சிமிழோடு நின்றிருந்தேன்.

அந்த வெள்ளைக்கார அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொறாமை உண்டு, மறைக்க மாட்டேன். அவர் சித்தப்பாவுக்கு மட்டும் எப்படித் தகடு வந்தது என்று ஊர் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். கைதிகளோடு அவர்களின் அதிகாரிகளும் டாக்டர்களும் முகாமில் இருந்தார்கள். செத்தவன் பெயரை, தேதியை, நோயை ஒளித்து ஒளித்து எழுதினார்கள். சில கணக்குகளைக் கல்லறைக்குள்ளேயே புதைத்து வைத்தார்கள். 1945 செப்டம்பரில், போர் முடிந்த சூட்டோடு, ஒரு சிறு குழு அதே பாதையில் போய் 144 கல்லறைத் திடல்களையும் 10,000க்கு மேற்பட்ட கல்லறைகளையும் அடையாளம் கண்டது. நம் ஆட்களுக்கு அதிகாரி யார்? கிராணி தோட்டத்தோடு நின்றுவிட்டார். 60,000க்கு மேற்பட்ட கைதிகளில் செத்தவர்கள் 12,000 பேருக்கு மேல் என்று கணக்கு கிடைக்கிறது. தொழிலாளிகள் என்று வந்தால் போனவர்களே இரண்டு லட்சம் இருக்கலாம், செத்தவர்கள் 90,000 இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம் என்றுதான் எழுத முடிகிறது.

நினைவுச் சின்னமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1944இல் ஜப்பான்காரனே காஞ்சனபுரியில் குவாய் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தூண் எழுப்பினான், அதில் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. காஞ்சனபுரி வாட் தாவோர்ன் கோயிலில் 2023இல் தமிழர்களுக்கென்று நடுகல் வைத்திருக்கிறார்கள். அது நம்மவர்கள் செய்தது, கை எடுத்துக் கும்பிட வேண்டிய காரியம். ஆனால் அந்த அம்மாவைப் போல மண்டியிட்டுத் துடைப்பதற்கு ஒரு பெயர் எனக்கு எங்கேயும் இல்லை.

பணம் கேட்டும் எழுதவில்லை. பிரிட்டன் 2000ஆம் ஆண்டில் முன்னாள் கைதிகளுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தலா 10,000 பவுண்டு கொடுத்தது. நம் பாட்டிமார்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. வரும் என்று காத்திருந்த அப்பாவும் போய்விட்டார். அது வேறு சண்டை, அதைப் போடுகிறவர்கள் போடட்டும்.

நான் கேட்பது வாரத்துக்கு ஒரு பத்தி. ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் கொடுத்தால் இன்னும் நல்லது. சயாமுக்குப் போனவர் பெயர், தோட்டம், போன வருஷம், ஏறிய ஸ்டேஷன், திரும்பினாரா இல்லையா, இப்போது தகவல் தருகிற பேரனோ பேத்தியோ யார் என்பது போதும். கதை எழுதச் சொன்னால் எல்லோரும் தயங்குவார்கள். பெயர் கேட்டால் எழுதுவார்கள். முப்பத்து நாலு வருஷம் தமிழ்ப்பள்ளியில் வருகைப் பதிவு எடுத்தவள் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பட்டப்பெயரை விட்டுவிடாதீர்கள். ஒரே செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பெயர்ப்பதிவில், நாலு முனியாண்டி இருப்பார்கள். கட்டை முனியாண்டி, பம்பாய் முனியாண்டி என்றால்தான் தோட்டத்து ஆட்களுக்கு அடையாளம் தெரியும். செக்ரோலையே தேடலாமே என்று கேட்பீர்கள். அப்பா எண்பதுகளில் எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு இரண்டு முறை போனார். பழைய புத்தகங்களைக் கரையான் அரித்ததால் எரித்துவிட்டோம் என்று பதில் வந்தது. இப்போது அந்த ஆபீசும் இல்லை, லயமும் இல்லை. மாடி வீடுகள் வந்துவிட்டன, தோட்டத்தின் பெயரும் மாறிவிட்டது.

ஆகவே மிச்சம் இருப்பது வீட்டுப் பெட்டிகளும் தொண்ணூறு தாண்டிய சிலரின் ஞாபகமும்தான். கைதிகளின் குடும்பங்களையும் கேட்கலாம். 1943இல் கே, எல் என்று இரண்டு கைதி மருத்துவக் குழுக்களைச் சிங்கப்பூரிலிருந்து தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்த டாக்டர்களின் பேரப்பிள்ளைகள் வைத்திருக்கும் டைரிகளில் நம் ஆட்கள் யாராவது அகப்படக்கூடும். உங்கள் நிருபர்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதுவது பெரிய காரியம் இல்லை.

தாத்தாவின் பெயர், பட்டப்பெயர், தோட்டம், ஸ்டேஷன் எல்லாம் தனித்தாளில் எழுதி இதோடு இணைத்திருக்கிறேன். பத்தி தொடங்கினால் அதில் போடுங்கள், தொடங்காவிட்டால் தாளைத் திருப்பி அனுப்புங்கள், தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. இறந்த தேதி என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சிரம்பான்