மந்தர ஸ்தாயியில் உனக்கு ஒரு மெட்டு

கோட்டாறு,
ஞாயிறு இரவு

மக்களே,

என் கிளாரினெட்டின் ஊதுவாயில் பூட்டுகிற நாணல் ரீடு ஒரு பெட்டி நீ கொடுத்தனுப்பினாயே, அது வந்து மூன்று மாதம் ஆகிறது. கிடைத்தது என்று போனில் சொன்னேன். அதை வைத்து என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. போனில் அதெல்லாம் வரமாட்டேன் என்கிறது. நீ டியூட்டி முடிந்த களைப்பில் இருப்பாய், அம்மை பக்கத்தில் நின்று "சாப்பிட்டாளான்னு கேளுங்க" என்பாள், அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்று நீ கூப்பிட்டபோது இங்கே ஒரு மணி. குவைத்தில் பத்தரை இருக்கும். "தூக்கம் வரலப்பா, சின்னதுல வாசிப்பீங்களே, அந்த மெட்டை ஒரு தடவை வாசிங்க" என்றாய். ரீடு உடைந்து கிடக்கிறது என்றேன். ரீடு உடைந்து கிடந்தது நிஜம். ஆனால் புது ரீடு கையில் இருந்திருந்தாலும் அன்று என்னால் வாசித்திருக்க முடியாது. அந்த மெட்டே எனக்கு மறந்துபோயிருந்தது. நீ ரீடு வாங்கி அனுப்புவாய் என்று நான் நினைக்கவில்லை. பெட்டியைப் பிரித்துப் பத்து ரீடையும் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அது யாருடைய பாட்டு என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஏதோ சினிமாப் பாட்டு அல்லது கோயில் பாட்டு என்று நினைத்திருப்பாய். அது நான் போட்டது. நீ பிறந்த 1998-இல், தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல் ஊதிப் பார்த்ததில் வந்தது.

அதற்கும் முன்னே நிறைய மெட்டு போட்டிருக்கிறேன். பதினைந்து வயதில் பேண்டு செட்டில் சேர்ந்தேன். வானொலியில் ஏ.கே.சி. நடராஜன் கச்சேரி வந்தால் சோற்றை விட்டு எழுந்து ஓடுவேன். 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் வாங்கியவர், 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் பேண்டில் வந்த குழலை அவர் நம்முடைய குரலாக ஆக்கி வைத்திருந்தார். அதைக் கேட்டுவிட்டு எனக்கும் ஆசை. ஊர்வலத்தில் இரண்டு பாட்டுக்கு நடுவில் என் மெட்டு ஒன்றைச் செருகிப் பார்த்தேன். செட்டை நடத்தியவர் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொன்னார். "ஊர்க்காரன் காசு கொடுக்கிறது அவனுக்குத் தெரிஞ்ச பாட்டுக்கு. உன் பாட்டை உன் வீட்டுல வாசி" என்றார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. பதினெட்டு பேர் வயிறு அவர் கையில் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கல்யாணத்துக்கு இது, சப்பரத்துக்கு இது, அடக்கத்துக்கு இது என்று எது கேட்டார்களோ அதை வாசித்தேன். சவேரியார் கோயில் திருவிழாவில் டிசம்பர் 3 வரைக்கும் உதடு வெடிக்க வாசித்திருக்கிறேன். வீட்டில் மட்டும்தான், உனக்காக மட்டும்தான், என்னுடையதை வாசித்தேன்.

அதுவும் எப்போது நின்றது என்று இப்போது யோசித்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். 2004 கிறிஸ்துமஸ் அன்று ராத்திரி எங்கள் செட் மணக்குடியில் வாசித்தது. பிள்ளைகள் எங்கள் கூடவே நடந்து வந்தார்கள். ஒரு பையன் என் கிளாரினெட்டின் அடியில் விரிந்திருக்கும் மணியில் கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டே வந்தான், காற்று வருகிறதா என்று பார்க்க. விடியக்காலம் வீட்டுக்கு வந்து படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஏறி வந்தது. பழையாறு கடலில் சேரும் இடத்தில் மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் சேர்த்த பாலம் போய்விட்டது. பிறகு கொளச்சல், கொட்டில்பாடு என்று ஒவ்வொரு ஊராகச் செய்தி வந்தது. குழி தோண்டி வரிசையாக அடக்கம் செய்தார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எவன் வாசிப்பான்? அந்தப் பையன் என்ன ஆனான் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று வரைக்கும் விசாரிக்கவில்லை.

அப்போது உனக்கு ஆறு வயது. ராத்திரி வந்து "வாசிங்கப்பா" என்றாய். பெட்டியைத் திறக்க முடியவில்லை. நாலைந்து நாள் கேட்டாய், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாய். சில மாதம் கழித்து வேலைக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டில் வாசிப்பது மட்டும் திரும்பி வரவே இல்லை. இருபது வருஷம்! ஒரு மெட்டை இருபது வருஷம் தொடாமல் விட்டால் அது எங்கே இருக்கும்?

சரி, ரீடு கதைக்கு வருகிறேன்.

செட் கலைந்த பிறகு குழல் பரண் மேலேயே இருந்தது. இப்போது கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் செண்டை மேளம்தான் கூப்பிடுகிறார்கள், உனக்குத் தெரியும். இறக்கிப் பார்த்தால் துளைகளை மூடுகிற பேடு இரண்டைப் பூச்சி அரித்திருந்தது. மூட்டில் இருக்கும் கார்க் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. கார்க்குக்கு வாஸ்லின் தடவி ஊறவிட்டேன். பேடை மாற்றி, ஒவ்வொரு கீக்கும் அடியில் சிகரெட் தாளைச் செருகி இழுத்துப் பார்த்தேன். தாள் பிடித்துக்கொண்டால் காற்று கசியாது, வழுக்கி வந்தால் கசியும். இதற்கே ஒரு வாரம் போனது. முதல் ரீடை வாயில் நனைத்துப் பூட்டி ஊதினால் பழைய பாட்டெல்லாம் விரலில் ஓடி வருகிறது. எந்த வருஷத்துப் பாட்டு வேண்டும் சொல், வரும். உன் தொட்டில் மெட்டு மட்டும் வரவில்லை. எங்கே தொடங்கும் என்றுகூடத் தெரியவில்லை.

தேடித் தேடிக் கீழே போனேன். கீழே என்றால் குழலின் அடிச் சுரங்களுக்கு. இதை உனக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். கிளாரினெட்டில் இடது கட்டைவிரலுக்கு ஒரு கீ உண்டு. அதை அமுக்காமல் ச வரும் விரல்பிடியை வைத்துக்கொண்டு, அந்தக் கீயை அமுக்கினால் மேல் ஸ்தாயி பஞ்சமத்துக்குத் தாவிவிடும். புல்லாங்குழலிலும் நாதஸ்வரத்திலும் அதே விரலுக்கு மேல் ச வரும். கிளாரினெட் உள்ளே ஒரே அகலமாகப் போகிற குழல், ஒரு முனையை ரீடு அடைத்துக்கொள்கிறது, அதனால் இப்படி. ஆகவே இதற்கு இரண்டு குரல். மேல் குரல் பிரகாசமாக இருக்கும், தெருவைக் கிழித்துக்கொண்டு போகும். கீழ் குரல் கனமாக, இருட்டாக இருக்கும். ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி.

பேண்டு செட்டில் கீழ் குரலுக்கு வேலையே கிடையாது. டிரம்பெட்டும் பாஸ் டிரம்மும் அடிக்கிற இடத்தில் அது யார் காதுக்கும் எட்டாது. நானும் கட்டைவிரலை அந்தக் கீயிலேயே வைத்துக்கொண்டு ஆயுசைக் கழித்திருக்கிறேன். தொட்டில் பக்கத்தில் சத்தம் வராமல் ஊதியது முழுக்கக் கீழ் குரலில்தான் என்பது அப்போதுதான் புத்தியில் பட்டது. அப்புறம் ஒன்று படித்தேன். கிளாரினெட்டுக்கு முன்னால் சாலுமோ என்று ஒரு சின்னக் குழல் இருந்தது. அதில் அடிச் சுரங்கள்தான் ஒழுங்காக வரும். 1700-ஐ ஒட்டி ஜெர்மனியில் நூரம்பெர்க்கில் தென்னர் என்ற குழல் செய்கிறவர் அதை மேலே ஏற வைத்து கிளாரினெட் ஆக்கினார். இன்றைக்கும் அடிச் சுரங்களுக்குச் சாலுமோ என்றுதான் பெயர். படித்தபோது உடம்பு சிலிர்த்தது. முதலில் இருந்த குரல் அதுதான், மற்றது பின்னால் சேர்ந்தது.

பின்வாசலில் கிணற்றங்கரையில் உட்கார்ந்து தினமும் சாயங்காலம் அந்தக் கீழ் குரலில் மட்டும் வாசித்தேன். கட்டைவிரல் பழக்கத்தில் கீக்குப் போகும். இழுத்து வைப்பேன். எட்டொன்பது சுரம்தான் கைவசம், அதற்குள் சுற்ற வேண்டும். முதல் பத்து நாள் யாரோ ஒருவர் பாட்டின் துண்டுதான் வந்தது. வந்ததும் நிறுத்திவிடுவேன். பிறகு ஒருநாள் மழை விட்டு ஓட்டில் சொட்டிக்கொண்டிருந்த நேரம், பஞ்சமத்தில் நீளமாக நின்று, மெல்ல விரலை உருட்டி மத்திமத்துக்கு வழுக்கி இறங்கினேன். அந்த இறக்கம் எந்தப் பாட்டிலிருந்தும் வரவில்லை. அது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. திரும்பத் திரும்ப அதையே வாசித்தேன். ஏழு எண்ணிக்கையில் தானாக வந்து உட்கார்ந்தது.

அம்மை அடுக்களையிலிருந்து "அது யாரு பாட்டு?" என்றாள். "எனக்க பாட்டு" என்றேன். மறுபடி பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஈரக் கையோடு கதவுப்பக்கம் நின்றுகொண்டிருக்கிறாள். "ஏன் இவ்வளவு நாள் வாசிக்கல்ல?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? அவள் பதிலுக்கு நிற்கவும் இல்லை. காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

இப்போது அது இரண்டு பகுதியாக இருக்கிறது. முதல் பகுதி நான் சொன்ன அந்த இறக்கம். இரண்டாவது பகுதியில் ஒரே சுரத்தை அடிக்கடி தொட்டு விடுவேன், மூச்சை வெட்டி வெட்டி. மணியில் கை வைத்து எடுத்த அந்தப் பையனை நினைத்துத்தான் போட்டேன். முதலில் எனக்கே தெரியாது. மூன்றாம் நாள் வாசிக்கும்போது கண் நிறைந்து ரீடு நழுவியது, அப்போது தெரிந்தது. உன்னிடம் சொல்கிறேன், அம்மையிடம் இன்னும் சொல்லவில்லை.

சுசீந்திரம் பக்கம் ஒரு நாதஸ்வரக்காரர், என் பழைய சிநேகிதர், ஒருநாள் வந்தார். அவரிடம் வாசித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ரெண்டு காந்தாரமும் வருது, இது எந்த ராகத்துலயும் நிக்கல்லியே" என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. திருத்தட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், இன்னொரு தடவை வாசியும்" என்றார். மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். அவர் கேட்டதைவிடப் பெரிய மரியாதை எனக்கு எந்தத் திருவிழாவிலும் கிடைத்ததில்லை.

நம் தெருப் பையன்கள் சிலர் புதிதாகச் செட் சேர்த்திருக்கிறார்கள். இந்த டிசம்பரில் ஊர்வலத்தில் இதைச் சேர்த்து வாசிக்கலாம் மாமா என்றார்கள். இத்தனை வருஷம் முன்னால் என்றால் சந்தோஷத்தில் அழுதிருப்பேன். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெருவில் வாசித்தால் மேல் குரலுக்கு ஏற்ற வேண்டும், ஏற்றினால் அது இந்த மெட்டு இல்லை. வீட்டுக்கு வாருங்கள், கிணற்றங்கரையில் உட்கார்ந்து கேளுங்கள் என்றேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கிளாரினெட்டே கொண்டுவந்தான். அவனுக்குக் கட்டைவிரலைக் கீயிலிருந்து எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வயசான காலத்தில் அப்பாவுக்குப் பொழுது போகிறது என்று நீ நினைத்துவிடக் கூடாது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன வரும் என்று ஒரு எதிர்பார்ப்போடு பல் தேய்க்கிறேன் மக்களே. பத்தொன்பது வயதில் இருந்த அதே படபடப்பு. அதை நீதான் திருப்பிக் கொடுத்தாய், ஒரு பெட்டி ரீடில்.

இனி நான் கேட்கப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகச் செய். மெட்டுக்கு மூன்றாம் பகுதி வேண்டும். அந்த இடம் காலியாகவே நிற்கிறது. நான் என்ன போட்டாலும் ஒட்டமாட்டேன் என்கிறது. அது உன் தொட்டில் மெட்டுக்கு உள்ள இடம் என்று தோன்றுகிறது. எனக்கு மறந்ததுதான், நீ கேட்டாயே, அப்படியானால் உனக்கு ஏதோ நினைவிருக்கிறது. இரண்டு வரி போதும், ஒரு வரி என்றாலும் போதும். நைட் டியூட்டி இல்லாத நாளில், அறையில் யாரும் இல்லாதபோது, போனில் முனகி வாய்ஸ் மெசேஜாக அனுப்பு. சுருதி சேராவிட்டால் கவலைப்படாதே, நான் சேர்த்துக்கொள்கிறேன். நடுவில் மறந்துபோனால் நிறுத்திவிடு, தெரிந்த மாதிரி இட்டு நிரப்பாதே. எங்கே நின்றாயோ அங்கிருந்து நான் வாசித்துப் பார்க்கிறேன்.

ரீடு இன்னும் ஏழு மீதி இருக்கிறது, இப்போது அனுப்ப வேண்டாம். உன் சிநேகிதி எப்போது திரும்பிப் போகிறாள் என்று கேட்டு எழுது. அம்மை கருவாடும் நேந்திரங்காய் சிப்ஸும் கட்டி வைத்திருக்கிறாள்.

அப்பா